மலைநகரும் மாண்டோர் உரிமையும்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மதிலைக் கொண்டு அளப்பது பழைய வரலாற்றாசிரியர் பலர்க்கு வழக்கம். எந்த வேந்தன் வந்தான், எத்தனை நாள் முற்றுகையிட்டான், மதில் தாங்கிற்றா வீழ்ந்ததா என்பனவே அவர்தம் வினாக்கள். மதிலுக்குப் புறத்தே, மலைச்சரிவிலே, அந்நகர மக்கள் தம்முள் மாண்டோரை எங்ஙனம் வைத்தனர், அவர்களைக் குறித்துக் கல்லில் யாது எழுதினர் என்று வினவியோர் சிலரே. அவ்வாறு வினவாமையால் தவறாக அறியப்பட்ட ஊர்களுள் ஒன்று டெர்மெசோஸ். அலெக்சாந்தருக்கு அடிபணியாத மலைநகர் என்று அதனைப் பலரும் புகழ்வர். அப்புகழ் பாதி உண்மை. மறுபாதி அந்நகரின் இடுகாடுகளிலே கிடக்கிறது.

நகரின் இருப்பு

டெர்மெசோஸ் இன்றைய துருக்கி நாட்டின் தென்மேற்கில், அந்தாலியா என்னும் கடற்கரை நகருக்கு வடமேற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. அந்நிலப்பகுதி பண்டு பிசிடியா எனப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், செங்குத்தான பாறைகளுக்கு இடையே அமைந்த ஊர் அது. அதனைத் தாங்கும் மலைக்குச் சொலிமோஸ் என்பது பழம்பெயர். அம்மக்களும் தம்மைச் சொலிமர் என்றே கூறிக்கொண்டனர். ஹோமரின் இலியத் காப்பியத்தின் ஆறாம் பகுதியில் பெல்லரோபோன் என்னும் வீரன் பொருதது இச்சொலிமரோடுதான்.

நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம், பாறையைக் குடைந்து அமைத்த நீர்த்தொட்டிகள், கோயில்கள், பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தலோஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கட்டுவித்த தூண்மண்டபம் ஆகியவற்றின் எச்சங்கள் இன்றும் உள. இவற்றைச் சூழ்ந்து, ஊரின் தெற்கிலும் மேற்கிலும் வடகிழக்கிலும் இடுகாடுகள் பரந்து கிடக்கின்றன. பாறையிலே குடைந்த கல்லறைகளும், சிறு கோயில் போலக் கட்டிய நினைவு மாடங்களும், மூடியுடன் கூடிய கற்பேழைகளும் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கி.பி. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை; அஃதாவது உரோமப் பேரரசின் ஆட்சி அம்மலைமேல் நிலைபெற்றிருந்த காலத்தவை.

1842ஆம் ஆண்டில் அப்பகுதியில் பயணம் செய்த ஆங்கிலேயராகிய ஸ்பிராட், ஃபோர்ப்ஸ், டேனியல் என்போர் இவ்வூரைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அவர்களுள் டேனியல் அவ்வாண்டிலேயே காய்ச்சலுற்று அந்தாலியாவில் இறந்தார். பின்னர்ப் போலந்துக் குடியைச் சார்ந்த லாங்கொரோன்ஸ்கி பிரபு தலைமையில் 1884, 1885ஆம் ஆண்டுகளில் அறிஞர் குழுவொன்று அப்பகுதி நகரங்களை அளந்து வரைந்தது. டெர்மெசோஸ் இடம்பெற்ற தொகுதி 1892இல் வெளிவந்தது. கல்வெட்டுகளை ஒருங்கே திரட்டிய பெருமை ஆஸ்திரிய அறிஞர் ருடால்ஃப் ஹெபர்டைக்கு உரியது. ஆசியா மைனர்க் கல்வெட்டு வரிசையின் மூன்றாம் தொகுதியாக 1941இல் வெளிவந்த அவர் பதிப்பில் 900க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அடங்கும். ஒரு மலையூருக்கு இது பெருந்தொகை. அவற்றுள் மிகப்பல இடுகாட்டில் எழுதப்பட்டவையே.

கழுகுக் கூடு என்னும் கதை

இவ்வூரைப் பற்றி எழுதும் வழிகாட்டி நூல்கள் பலவும் ஒரே தொடக்கம் உடையவை. கி.மு. 333இல் அலெக்சாந்தர் படையுடன் வந்தான். கழுகுக் கூடு போன்ற இந்நகரை நோக்கினான். வெல்ல இயலாது வெறுங்கையுடன் திரும்பினான் என்று கூறுவர். கழுகுக் கூடு என்னும் உவமையை அலெக்சாந்தர் வாய்மொழியாகவே சிலர் எழுதிவிடுகின்றனர்.

இதற்குரிய பழஞ்சான்று அர்ரியன் என்பார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய நூல். அதில் அந்த உவமை இல்லை. ஊர் உயர்ந்த இடத்தில் நாற்புறமும் செங்குத்தாக நிற்கிறது என்பதும், வழி கடினமானது என்பதுமே அவர் கூறுவன. வழியின் இருமருங்கு மேடுகளையும் டெர்மெசோஸ் மக்கள் பிடித்திருந்தனர். அலெக்சாந்தர் உடனே தாக்காமல் அங்கே பாடியிறங்கினான். பாடி இறங்கியதைக் கண்டால் அவர்கள் சிறு காவலை மட்டும் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்புவர் என்று எண்ணினான். எண்ணியவாறே நடந்தது. அவன் அக்கணவாயைக் கைப்பற்றி நகர்க்கு அருகே தங்கினான். அப்பொழுது செல்கே நகரத் தூதர் நட்பு நாடி வந்தனர். டெர்மெசோஸை விரைவில் கைப்பற்றுதல் அரிது என்று கருதிய அவன், சாகலாசோஸ் நகரை நோக்கிச் சென்றான்.

ஆகவே நிகழ்ந்தது மாபெரும் வெற்றியும் அன்று, தோல்வியும் அன்று, காலக் கணக்கு. மதிலின் வலிமையை மறுப்பதற்கு இல்லை. ஆயினும் வந்தவன் ஒரு சில நாளில் விட்டுச் சென்ற நிகழ்ச்சியை ஓர் ஊரின் பல நூற்றாண்டு வாழ்வுக்கு முகவுரையும் முடிவுரையும் ஆக்குதல் நேர்மையான திறனாய்வு ஆகாது. அவ்வாறு செய்வதால் டெர்மெசோஸ் அலெக்சாந்தரின் வரலாற்றில் ஒரு பக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

ஓர் உடலுக்காக எழுந்த பூசல்

அலெக்சாந்தர் சென்று 14 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியே அவ்வூரின் மனத்தை நன்கு காட்டுவது. அதனை எழுதி வைத்தவர் கி.மு. முதல் நூற்றாண்டினராகிய தியோதோரஸ்.

அலெக்சாந்தர் இறந்தபின் அவன் தளபதிகள் தம்முள் பொருதனர். அவர்களுள் பெர்டிக்காஸ் என்பவனின் தம்பி அல்கெட்டாஸ், கி.மு. 319இல் அந்திகோனஸிடம் தோற்று டெர்மெசோஸில் புகலடைந்தான். அவன் முன்பே பிசிடியரைப் பேணியவன். போரிற் கிடைத்த பொருளில் பாதியை அவர்க்குப் பகிர்ந்தவன். அவர்தம் தலைவரை விருந்துக்கு அழைத்துச் சிறப்புச் செய்தவன். ஆதலின் ஊரின் இளைஞர் அவனைக் கைவிடோம் என்று உறுதி பூண்டனர். முதியோரோ, ஒரு மாசிடோனியன் பொருட்டு ஊர் அழிதல் தகாது என்று கருதினர். அவர்கள் அந்திகோனஸுக்கு மறைவாகத் தூதனுப்பினர். அவன் பின்வாங்குவது போலக் காட்டி இளைஞரை வெளியே இழுத்தான். அவர்கள் இல்லாத வேளையில் முதியோர் ஏவிய ஆட்கள் அல்கெட்டாஸைச் சூழ்ந்தனர். பகைவர் கையில் உயிருடன் அகப்படாதிருத்தற்கு அவன் தற்கொலை செய்துகொண்டான். முதியோர் உடலை அந்திகோனஸிடம் அனுப்பினர். அவன் மூன்று நாள் அவ்வுடலை இழிவுபடுத்தி, அடக்கம் செய்யாமலே விட்டுச் சென்றான்.

திரும்பிய இளைஞர் சினம் கொண்டனர். ஊரின் ஒரு பகுதியைக் கைப்பற்றினர். ஊரையே கொளுத்திவிடுவோம் என்றும் முதலில் துணிந்தனர். பின்னர் அதனைக் கைவிட்டு, அந்திகோனஸின் நாட்டைச் சூறையாடினர். அவர்கள் செய்த மற்றொரு செயல்தான் போற்றத்தக்கது. கிடந்த உடலை மீட்டுச் சிறப்புடன் அடக்கம் செய்தனர். டெர்மெசோஸ் பாறையொன்றில் குடைந்த கல்லறை ஒன்று உண்டு. அதில் குதிரை மேல் வீரன் ஒருவனும், கேடயம், தலைக்கவசம் முதலிய போர்க்கருவிகளும், பாம்பைப் பற்றிய கழுகும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. இச்சிற்பங்களைக் கொண்டே அதனை அல்கெட்டாஸின் கல்லறை என அறிஞர் கொள்வர்.

செய்ந்நன்றிக்கு உள்ள ஈர்ப்பாற்றலுக்குச் சான்றாகவே தியோதோரஸ் இதனைக் கூறுகிறார். அவர் கருத்து தள்ளத்தக்கது அன்று. ஆயினும் அதனுள் அவர் தொடாத ஒரு வினா இருக்கிறது. உயிருள்ள அல்கெட்டாஸ் இளைஞர்க்கு உதவக்கூடியவன். மாண்ட அல்கெட்டாஸ் யார்க்கும் எதுவும் தர இயலாதவன். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத உடலுக்கு யார் பொறுப்பு? கி.மு. 319இல் டெர்மெசோஸ் இளைஞர் படைக்கலத்தால் இதற்கு விடை கூறினர். ஐந்நூறு ஆண்டு கழித்து அவ்வூர் மக்கள் சட்டத்தால் விடை கூறினர். இரண்டுக்கும் தொடர்ச்சி உண்டு என்று நிறுவுதல் இயலாது. எனினும் வினா ஒன்றே.

கற்பேழையின் வாசகம்

உரோமர் காலத்துக் கற்பேழைகளில் உள்ள கிரேக்க வாசகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்னான், இன்னான் மகன், இன்னான் பேரன் இவ்வுடற்பேழையைத் தனக்கும் தன் மனைவிக்கும் தன் மக்களுக்கும் அமைத்தான் என்று தொடங்கும். வேறு எவரும் இதில் மற்றொருவரை வைத்தல் கூடாது என்று தொடரும். மீறுவோர் சொலிமிய சியூஸ் தெய்வத்துக்கு இத்தனை தெனாரி தண்டம் செலுத்துக; கல்லறையை உடைத்த குற்றத்துக்கும் மாண்டோர்க்குத் தீங்கிழைத்தவர் மேல் விழும் சாபத்துக்கும் ஆளாகுக என்று முடியும். தண்டத்தொகை சில நூறு தெனாரியில் தொடங்கிப் பல்லாயிரம் வரை செல்லும். அதனைப் பெறுவது சில இடங்களில் நகர மக்களின் பொதுப்பண்டாரம். சில இடங்களில் பேரரசனின் கருவூலம்.

இலக்கியச் சுவை தேடி இவற்றை அணுகுவோர் ஏமாறுவர். பிரிவாற்றாமை இல்லை, இறந்தோரின் குணநலம் பாடும் அடிகள் மிகச் சில. அதனால் இவை வறண்ட வாய்பாடுகள் என்று கழித்தோர் உண்டு. பயண நூலாரோ, கொள்ளையரை அச்சுறுத்தும் சாபங்கள் என்று வியந்து நின்றுவிட்டனர். இரு சாராரும் வாசகத்தை முற்றப் படித்தவர் அல்லர்.

தண்டம் யாரைத் தடுக்க?

வாசகம் முதன்மையாக விலக்குவது எதனை என்று நோக்குதல் வேண்டும். பொன்னைத் திருடாதே என்று அது கூறவில்லை. மற்றொருவரை இதில் வைக்காதே என்றே கூறுகிறது. இரவில் கடப்பாரையுடன் வரும் கள்வன் கல்வெட்டைப் படித்துத் திரும்பிச் செல்வான் என்று அம்மக்கள் நம்பியிருக்கமாட்டார்கள். அவர்கள் அஞ்சியது எழுத்தறிந்தவனை, அடுத்த வீட்டானை, சில வேளை தம் வழித்தோன்றலையே. கற்பேழை விலை மிக்க பொருள். மலையிலே இடமும் குறைவு. பழைய குடும்பம் ஒன்று தேய்ந்து போனால், அதன் பேழையைத் திறந்து எலும்பை ஒதுக்கித் தம் இறந்தோரை வைக்கவும், அதனை விற்கவும் முனைவோர் எங்கும் உண்டு. அந்த அமைதியான அபகரிப்பையே இவ்வாசகம் குறி வைக்கிறது. இது சாபமொழி என்பதைவிட உரிமைப்பத்திரம் என்பதே பொருந்தும். ஆசியா மைனரின் வேறு சில நகரங்களில் இத்தகைய வாசகத்தின் படியொன்று நகர ஆவணச்சாலையிலும் வைக்கப்பட்டது என்பதும் இதனை வலியுறுத்தும்.

இனி, தண்டத்தைத் தெய்வத்துக்கும் பண்டாரத்துக்கும் எழுதி வைத்தது ஏன்? பக்தியே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. மகன் இறப்பான், பேரன் இறப்பான், ஒரு நாள் குடியே அற்றுப்போகும். அப்பொழுது வழக்குத் தொடுப்பார் யார்? குடி அற்றாலும் கோயில் அறாது, நகரம் அறாது, பேரரசின் கருவூலம் அறவே அறாது என்று அவர்கள் நம்பினர். குற்றம் நிகழ்ந்தால் பொருள் பெறும் உரிமையை அவற்றுக்கு அளித்ததன் வாயிலாக, மாண்டவன் தனக்கு இறவாத காவலர் மூவரை அமர்த்திக்கொண்டான். ஊதியமும் குற்றவாளி கையிலிருந்தே வரும். இவ்வளவு தெளிந்த சூழ்ச்சியை வறண்ட வாய்பாடு என்று தள்ளுதல் அறியாமையே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தண்டத்தொகையின் பெருமை சிறுமையைக் கொண்டு குடும்பங்களின் செல்வத்தை நேரே அளப்பது பிழை. தெனாரி உரோமரின் வெள்ளிக்காசு. தமிழகத்துப் புதையல்களில் கிடைத்த உரோமக் காசுகளுள் பல இவ்வகையினவே. ஆனால் தமிழகம் வந்தவை பெரும்பாலும் முதல் நூற்றாண்டின் நல்ல வெள்ளி. மூன்றாம் நூற்றாண்டில் அக்காசில் வெள்ளி குறைந்து செம்பு மிகுந்தது. ஆகவே காலம் அறியாமல் ஆயிரத்தையும் பதினாயிரத்தையும் ஒப்பிடுதல் கூடாது.

பெயர்களில் உறையும் வரலாறு

பேழைகளில் மிகுதியாகப் பொறித்தவை பெயர்களே. துரோகொண்டாஸ், ஹெர்மாயோஸ், ஒப்ரிமோதேஸ், மோலேஸ், அர்மாஸ்தா என அவை வரும். எழுத்து கிரேக்கம், மொழி கிரேக்கம், பெயர்களிலோ பழைய அனதோலிய மண்ணின் மணம் மாறவில்லை. துரோகொண்டாஸ் என்னும் பெயர், கிரேக்கர் வருமுன் அந்நாட்டார் வணங்கிய தர்ஹுந்த் என்னும் இடித்தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என மொழிநூலார் காட்டுவர். தாய்மொழி வழக்கிழந்த பின்னரும் பிள்ளைக்கு இடும் பெயரில் அது உயிர் பிழைத்திருந்தது. தந்தை, பாட்டன், பூட்டன் என்று கால்வழியை அடுக்கி எழுதும் வழக்கமும் டெர்மெசோஸ் கல்வெட்டுகளில் மிகுதி.

கி.பி. 212இல் பேரரசன் கரகல்லா தன் ஆட்சியிலிருந்த சுதந்தர மக்கள் ஏறத்தாழ அனைவர்க்கும் உரோமக் குடியுரிமை அளித்தான். அவன் குடிப்பெயராகிய அவுரேலியஸ் என்பதைப் புதிய குடிமக்கள் மேற்கொண்டனர். அதன்பின் அப்பேழைகளில் அவுரேலியஸ் துரோகொண்டாஸ், அவுரேலியா அர்மாஸ்தா என்ற முறையில் பெயர்கள் மலிகின்றன. தம் பெயராலேயே பேழை அமைத்து உரிமை வகுத்த பெண்டிரும் அவர்களுள் உளர்.

இது டெர்மெசோஸின் மற்றொரு புகழையும் ஆராயத் துணை செய்கிறது. கி.மு. 70ஐ ஒட்டிய ஆண்டுகளில் உரோமில் இயற்றிய சட்டம் ஒன்று இந்நகரத்தாரை உரோம மக்களின் நண்பரும் துணைவரும் என்று ஏற்றது. தம் சட்டப்படி வாழும் உரிமையை உறுதி செய்தது. ஆட்சிமன்ற ஆணையின்றி உரோமப் படை அங்கே மாரிக்காலம் தங்குதல் கூடாது என்றது. அது பொறித்த செப்பேடு உரோமில் கிடைத்து இன்று நேப்பிள்ஸ் காட்சிச்சாலையில் உள்ளது. பேரரசர் தலையைப் பொறிக்காமல், தன்னாட்சியுடையோர் என்று எழுதிய காசுகளையும் இந்நகர் வெளியிட்டது. இவற்றைக் கொண்டு உரோம் தீண்டாத மலை என்று எழுதுவோர் உளர். இடுகாடு அதற்கு இசையவில்லை. தண்டம் உரோமக் காசில். பெறுவோருள் ஒருவர் உரோமப் பேரரசர். பேழையாளனின் முதற்பெயர் உரோமப் பெயர். காசிலே எழுதிய தன்னாட்சியும் பொய்யன்று. பேழையிலே புகுந்த பேரரசும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே கொண்டு வாழ்ந்ததே அம்மக்களின் மெய்யான வாழ்வு.

எழுதப்படாதோர்

இடுகாட்டையும் முழு உண்மை என்று கொள்ளுதல் தகாது. கற்பேழை வெட்டவும் எழுத்துப் பொறிக்கவும் பொருள் வேண்டும். ஆடு மேய்த்தோர், விறகு சுமந்தோர், அப்பேழைகளையே வெட்டிய கல்தச்சர் ஆகியோருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் வாய்க்கவில்லை. சில செல்வர் தம்மிடம் வளர்ந்தோர்க்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் பேழையில் இடம் வகுத்தனர். அது இரக்கமும் ஆகும். மாண்ட பின்னும் தலைவன் நிழலிலேயே கிட என்னும் கட்டளையும் ஆகும். ரோதோபே என்னும் பெண் ஸ்தெபானோஸ் என்னும் தன் நாய்க்கு அமைத்த சிறு கற்பேழை ஒன்று அந்தாலியா காட்சிச்சாலையில் உள்ளது. மனிதர்க்குப் போல அந்நாய்க்கு அழுது அடக்கம் செய்தாள் என்பது அதிலுள்ள கவிதையின் பொருள். அன்பின் சான்றாக அதனைக் காண்போர் நெகிழ்வர். நாய்க்குப் பெயர் நின்ற மலையில் எத்தனை மனிதர்க்குப் பெயர் நில்லாது போயிற்று என்று எண்ணுவோர் வருந்துவர். இரண்டும் நேரிய உணர்ச்சிகளே.

காவல் தவறிய பின்

இம்மலையை 1970இல் துருக்கி அரசு தேசியப் பூங்காவாக்கிற்று. அங்கே ஏறிச் செல்வோர் காண்பது சாய்ந்தும் கவிழ்ந்தும் மரவேர்களுக்கிடையே சிக்கியும் கிடக்கும் பேழைகளை. நிலநடுக்கம் சிலவற்றைப் புரட்டியது. பலவற்றின் பக்கத்தில் கள்வர் இடித்த துளை உண்டு. மூடிகள் உடைந்து தள்ளப்பட்டுள்ளன. அறாது என்று நம்பிய காவலர் மூவரும் அற்றனர்: சொலிமிய சியூஸின் வழிபாடு ஒழிந்தது; நகரம் பாழாயிற்று; பேரரசின் கருவூலம் பழங்கதையாயிற்று. தண்டம் தண்டுவார் இல்லை.

அதனால் அவ்வாசகங்கள் வீணாயின என்று முடிவு கட்டலாமா? உடலைக் காத்தலே அவற்றின் நோக்கம் எனின் வீணாயின என்பதே விடை. ஆனால் எவரும் மற்றொருவர் இடத்தைப் பறித்தல் கூடாது, பேச இயலாதவன் உரிமைக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கல்லில் நிறுத்துதலும் அவற்றின் பணி. அப்பணி நிறைவேறியது. எலும்பு போயிற்று, இன்னான், இன்னான் மகன், இவ்விடம் எனது என்னும் வரி நின்றது.

மதிலைப் பாடுவோர் டெர்மெசோஸ் வெல்லப்படாத ஊர் என்பர். வெல்லப்படாமை இயற்கை தந்த பாறையின் சிறப்பு. மாண்டோர்க்கு உரிமை வகுத்தது அம்மக்களின் சிறப்பு. ஓர் ஊரை மதிக்கும் பொழுது பின்னதற்கே முதலிடம் தருதல் முறையாகும்.